டாங்கிக்குள் உறைந்த டீசல்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரு பக்கம் எழுதினேன். ஸ்பெயினின் தென்கோடியில் இருக்கும் அல்மேரியாவிலிருந்து இங்கிலாந்தின் கென்ட் வரைக்கும், ஜனவரிக் குளிரில், நானும் வீட்டுக்காரரும் பழைய கேம்பர் வேனில் வீடு திரும்பிய கதை. அந்த ஒரு பக்கத்துக்கு இப்போது ஒரு கட்டு கடிதம் வந்து கிடக்கிறது. குமரி மாவட்டத்தில் கருங்கல் ஊர்ப் பக்கம் தென்னையும் இரண்டு ஆடும் பார்த்துக்கொண்டிருக்கிற எனக்கு இது நல்ல பொழுதுபோக்கு. முடிந்தவரை பதில் எழுதுகிறேன்.

கேம்பர் வேன் என்றால் என்ன என்று கேட்டவர்களுக்கு: டெம்போ டிராவலரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் கட்டில், அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ், ஹீட்டர், கக்கூஸ் எல்லாம் இருக்கும். எங்களுடையது ஆறு மீட்டர் நீளம், 2006 மாடல். நான் கென்ட்டில் பதினெட்டு வருஷம் நர்ஸ். வீட்டுக்காரர் பேச்சிப்பாறை, கோதையாறு ரூட்டில் அரசு பஸ் ஓட்டிவிட்டு, அங்கே வந்தும் பஸ்தான் ஓட்டினார்.

விமானத்தில் மூன்று மணி நேரத்தில் போகிற இடத்துக்கு வேனில் ஆறு நாளா? அதுவும் பனிக்காலத்தில்? பைத்தியம் உங்களுக்கா, அவருக்கா?
*ஓய்வு பெற்ற ஆசிரியர், மார்த்தாண்டம்*

அவருக்கு. எனக்கு அது தொற்றிக்கொண்டது, சார்.

கென்ட் குளிர் அவருடைய முட்டுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நவம்பர் வந்ததும் தெற்கே ஓடிவிடுவோம். அல்மேரியா கடற்கரையில் அந்த மாதங்களிலும் பகலில் வெயில் இருக்கும். கபோ தெ காட்டா பக்கத்து உப்பளத்தைப் பார்த்தால் நம்ம புத்தளம் உப்பளத்தின் ஞாபகம் வரும்.

அப்படியானால் குளிர் முடிந்த பிறகு திரும்பி வரலாமே என்பீர்கள். அங்கேதான் சிக்கல். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ள பாஸ்போர்ட் என்றால், அது இந்தியனாக இருந்தாலும் பிரிட்டிஷாக இருந்தாலும், ஷெங்கன் நாடுகளில் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாளுக்கு மேல் தங்கக்கூடாது. நவம்பர் 1 அன்று நுழைந்தால் ஜனவரி 29 தொண்ணூறாவது நாள். குளிருக்குப் பயந்து தெற்கே ஓடியவன் குளிர் உச்சத்தில் இருக்கும்போது வடக்கே திரும்பியாக வேண்டும். சட்டம் போட்டவர்கள் கேம்பர் வேன்காரர்களை மனதில் வைத்துப் போடவில்லை.

சுமார் 2,100 கிலோமீட்டர். கன்னியாகுமரியில் ஏறி போபாலில் இறங்குவது போல. ஜனவரி 24 காலையில் கிளம்பினோம். கையில் ஆறு நாள் இருந்தது. அந்த ஆறு என்கிற எண்ணுதான் எல்லாத் தொல்லைக்கும் காரணம். அடுத்த பதிலில் சொல்கிறேன்.

டீசல் உறைந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். முப்பது வருஷமாக டீசல் வண்டி பார்க்கிறேன். சேறு பார்த்திருக்கிறேன், தண்ணீர் பார்த்திருக்கிறேன், உறைந்து பார்த்ததில்லை. கதைக்குக் கை கால் வைத்தீர்களா, அக்கா?
*ஒர்க் ஷாப் வைத்திருப்பவர், வடசேரி*

இல்லை தம்பி. மார்கழி விடியலில் உங்கள் வீட்டுத் தேங்காய் எண்ணெய் பாட்டிலைப் பாருங்கள். வெள்ளையாகக் கட்டிப்போய் நிற்கும். டீசலிலும் அப்படி ஒரு மெழுகு கரைந்து இருக்கிறது. நம்ம ஊரில் அதற்குக் கட்டிப்போகிற குளிர் கிடைப்பதில்லை, அவ்வளவுதான். கடுங்குளிரில் அந்த மெழுகு பொடிப்பொடியாகப் பிரிந்து ஃபில்டரில் போய் ஒட்டும். டாங்கி நிறைய டீசல் இருக்கும், எஞ்சினுக்கு ஒரு சொட்டுப் போகாது.

ஐரோப்பாவில் பெட்ரோல் பங்குகளில் குளிர்காலத்துக்கு வேறு டீசல் போடுவார்கள். ஆனால் நாட்டுக்கு நாடு அளவு வேறு. ஸ்பெயினின் குளிர்கால டீசல் மைனஸ் 10 டிகிரி வரை ஃபில்டரை அடைக்காமல் போகும். பிரான்சில் அது மைனஸ் 15, ஜெர்மனியில் மைனஸ் 20. ஸ்பெயினில் டீசல் விலை குறைவு என்று வீட்டுக்காரர் எல்லைக்கு முன்னால் டாங்கியைக் கழுத்து வரை நிரப்பினார். அரசு பஸ் ஓட்டியவருக்கு மிச்சம் பிடிக்கிற குணம் போகுமா? அந்த டீசலோடு நாங்கள் ஏறியது பிரான்சின் நடுவே இருக்கும் மலைமேடு.

சமவெளி ஊரான பெசியேவிலிருந்து கிளெர்மோன் ஃபெரான் போகிற ஏ75 சாலை நல்ல சாலை. மீயோ பாலத்தைத் தவிர வேறு எங்கும் சுங்கம் இல்லை. அந்தப் பாலமும் காசு கொடுத்துப் பார்க்க வேண்டியதுதான். 2004-இல் திறந்தது, உயரம் 343 மீட்டர். மேகம் கீழே கிடக்க நாம் மேலே போவோம். ஆனால் அந்தச் சாலை 1,100 மீட்டருக்கு மேல் ஏறி இறங்குகிறது என்பதைச் சமவெளியில் நிற்கும்போது யாரும் நினைப்பதில்லை. பெசியேவில் எங்களுக்கு நல்ல வெயில். நான் ஸ்வெட்டர்கூடப் போடவில்லை.

26-ஆம் தேதி மத்தியானம் அங்கே நிற்கும்போதே சாலைப் பலகையில் பனி எச்சரிக்கை ஓடியது. நான் சொன்னேன், ஒரு நாள் இங்கேயே கிடப்போம் என்று. அவர் விரலை மடக்கினார். 27 இங்கே, 28 மலை, 29 இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறுகிற கலே... சரியாகத்தான் வரும், ஆனால் கப்பல் கிடைக்காவிட்டால்? பாஸ்போர்ட்டில் ஒரு நாள் கூடிவிட்டால்? கோதையாறு மலையில் மழையில் மரம் விழுந்து கிடந்தால் பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு வந்தவர்தான் அவர். அன்று வீட்டுக்குப் போகிற அவசரம் வந்துவிட்டது. ஏறிவிட்டோம்.

இருட்டும் நேரத்தில் ஒமோன் ஒப்ராக் பக்கம் மேட்டில் நிறுத்தினோம். பனி அவ்வளவாக இல்லை. வானம் தெளிவாக, நட்சத்திரம் கொட்டிக் கிடந்தது. அதுதான் ஆபத்து என்று பிறகு தெரிந்தது. மேகம் இல்லாத ராத்திரியில் தரையின் சூடெல்லாம் மேலே போய்விடும். நடு ராத்திரி இரண்டு மணிக்கு ஹீட்டர் நின்றது. எழுந்து பார்த்தால், ஸ்பெயினில் வாங்கிய ஆரஞ்சு நிற சிலிண்டர் கனமாகத்தான் இருக்கிறது, கேஸ் வரவில்லை. அது பியூட்டேன். ஏறக்குறைய பூஜ்ஜியம் டிகிரியிலேயே அது ஆவியாக மறுத்து, திரவமாகவே கிடந்துவிடும். புரோப்பேன் மைனஸ் 42 வரை ஆவியாகும். இங்கிலாந்திலிருந்து கொண்டுபோன சிவப்பு புரோப்பேன் சிலிண்டரை, "இருக்கிறதை முதலில் எரி" என்று அவர் கேட்டபோதெல்லாம் நான் தொடவிடாமல் வைத்திருந்தேன். கல்யாணமான நாளிலிருந்து நான் ஜெயித்த வாக்குவாதங்கள் கொஞ்சம்தான். அதில் இது ஒன்று.

காலையில் வெளியே மைனஸ் 13. வண்டி ஸ்டார்ட் ஆனது, இரண்டு நிமிஷம் ஓடியது, இருமிக்கொண்டு நின்றது. அப்புறம் எத்தனை முறை சாவி போட்டாலும் அசையவில்லை. புரோப்பேன் இருந்ததால் கெட்டிலில் வெந்நீர் வைத்தோம். நம்ம ஊர்த் தோர்த்துத் துண்டை அதில் முக்கிப் பிழிந்து ஃபில்டரில் சுற்றினார். ஆற ஆற மாற்றினார். பக்கத்தில் நின்ற லாரிக்காரர் ஒருவர் வந்து பார்த்தார். அவருக்கு எங்கள் பாஷை தெரியாது, எங்களுக்கு அவருடையது தெரியாது. தோர்த்தைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, ஃபிளாஸ்க் நிறைய வெந்நீரோடு திரும்பி வந்தார். பத்தரை மணிக்கு வெயிலும் எஞ்சின் பக்கம் விழுந்தது. பன்னிரண்டுக்கு வண்டி கிளம்பியது. இறங்குகிற வழியில் முதல் பங்கில் பிரெஞ்சு டீசலை ஊற்றி, இருந்ததோடு கலந்தோம்.

ஆகவே தம்பி, மலைக்கு வந்து சேரும்போது டாங்கி பாதி காலியாக இருக்கட்டும்; குளிர் நாட்டு டீசலை அடிவாரத்திலேயே ஊற்றிக் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள், ஃபில்டர் வரை புது டீசல் வந்து சேரட்டும். மெழுகு கட்டாமல் தடுக்கிற மருந்தை, கட்டின பிறகு ஊற்றிப் பிரயோஜனம் இல்லை. கிளம்புகிற தேதியைத் தொண்ணூறு நாள் கணக்கிலிருந்து ஒரு முழு வாரம் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் அவசரத்தில் நாங்கள் மிச்சம் பிடித்தது அரை நாள்கூட இல்லை. 29-ஆம் தேதி, தொண்ணூறாவது நாளில்தான் கலேயைத் தாண்டினோம்.

காற்றாலையில் வேலை செய்கிறேன். அங்கே காற்று எப்படி?
*ஆரல்வாய்மொழி வாசகர்*

உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. ஆடி மாதம் முப்பந்தல் பக்கம் பைக்கில் போகிறவனுக்குத் தெரியும்.

தெற்கு பிரான்சில் பெர்ப்பின்யானிலிருந்து நார்போன் வரைக்கும் அப்படியே ஆரல்வாய்மொழிதான். இரண்டு பக்கம் மலை, நடுவே ஒரு வாசல், அதில் காற்று. சாலையோரம் காற்றாலைகள்கூட நிற்கின்றன; பார்த்ததும் அவர் "இறங்கி டீ குடிப்போமா?" என்றார். அந்தக் காற்றுக்கு டிரமொன்டான் என்று பெயர். வடமேற்கிலிருந்து வரும். நம்ம காற்று தென்மேற்குப் பருவத்தோடு வந்து போய்விடும். இது குளிர்காலத்திலும் விடாது. கொஞ்சம் கிழக்கே ரோன் பள்ளத்தாக்கில் வீசுவது மிஸ்ட்ரல். இரண்டும் ஒரே குடும்பம்.

கேம்பர் வேன் உயரமான சுவர். பெரிய லாரியைத் தாண்டும்போது லாரி காற்றை மறைத்துக்கொள்ளும், தாண்டி முடித்த நொடியில் காற்று முழுசாக அறையும். ஸ்டியரிங்கை அந்த நொடிக்கு முன்னாலேயே இறுக்கிப் பிடிக்க வேண்டும். அவர் எண்பதுக்கு மேல் போகவில்லை. கம்பத்தில் கட்டிய காற்றுப் பை படுக்கைவாட்டில் விறைத்து நின்றால் ஏதாவது ஊருக்குள் ஒதுங்கிவிடுவது நல்லது. இன்னொன்று: ஞாயிற்றுக்கிழமை ஓட்டுங்கள். பிரான்சிலும் ஜெர்மனியிலும் ஞாயிறு பகலில் பெரும்பாலான கனரக லாரிகளுக்குச் சாலையில் தடை. ரோடு நம்ம கையில். ஆனால் சனி ராத்திரி லாரிகளெல்லாம் ஓய்விடங்களில் வந்து அடைந்துவிடும், அன்றைக்கு நிறுத்த இடம் கிடைக்காது.

வேனுக்குள் நம்ம சாப்பாடு செய்ய முடிந்ததா? மீன்கறி, மரச்சீனி எல்லாம் விட்டுவிட்டீர்களா?
*இல்லத்தரசி, தக்கலை*

விடுவேனா? ஆனால் அடி வாங்கித்தான் படித்தேன், தங்கச்சி.

குளிர்கால வேனில் பனியைவிடப் பெரிய எதிரி உள்ளே இருக்கிற ஈரம். இரண்டு பேர் ராத்திரி முழுக்க மூச்சு விடுவதே சன்னலில் வழிந்து நிற்கும். அதற்கு மேல் நாம் ஆவி பறக்கச் சமைத்தால்? முதல் வருஷம் ஆசைக்குக் குத்தரிசி கொண்டுபோய் முக்கால் மணி நேரம் கொதிக்கவிட்டேன். காலையில் தலையணை நனைந்திருந்தது. மூன்றாம் நாள் கட்டில் மெத்தைக்கு அடியில் கறுப்புப் பூஞ்சை. அத்தோடு குத்தரிசிக்கு விடை கொடுத்தேன். பச்சரிசி, குக்கர், இரண்டு விசில். விசில் வருகிற நேரம் கூரை ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைப்பேன். குளிர் உள்ளே வருகிறதே என்று அவர் முனகுவார். வரட்டும். குளிர்ந்த காற்றில் ஈரம் குறைவு. அது உள்ளே வந்து சூடானால் வேன் காயும். எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு கிடக்கிறவன்தான் நனைவான்.

மரச்சீனி (மரவள்ளி) ஸ்பெயினில் நகரத்துக் கடைகளில் யூக்கா என்ற பெயரில் கிடைக்கும், மேலே மெழுகு பூசியிருப்பார்கள். சீவி எறிந்துவிட்டு வேகவைக்கலாம். அல்மேரியாவைச் சுற்றி கண்ணுக்கெட்டின தூரம் பிளாஸ்டிக் கூடாரங்கள். குளிர்காலத்தில் ஐரோப்பா சாப்பிடுகிற தக்காளி, வெள்ளரி, கத்தரிக்காயில் பெரும் பங்கு அங்கேயிருந்துதான் போகிறது. அதனால் துவரனுக்கும் அவியலுக்கும் குறைவில்லை. முருங்கைக்காய்தான் இல்லை.

கருவாடு கொண்டுபோகலாமா என்று நீங்கள் கடிதத்தின் கடைசியில் பொடியாக எழுதியிருக்கிறீர்கள். கொண்டுபோகலாம்! ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுழையும்போது வெளியூர் இறைச்சியும் பால் பொருட்களும் கூடாது. நெய்யும் இதில் சேர்த்தி. என் அம்மா உருக்கித் தந்த ஒரு பாட்டில் நெய் அப்படித்தான் குப்பைக்குப் போனது. மீனுக்கு மட்டும் சொந்த உபயோகத்துக்கு 20 கிலோ வரை விடுவார்கள். பழம், காய்கறிக்கும் தாவரச் சான்றிதழ் கேட்பார்கள். ஐந்தே ஐந்துக்கு விலக்கு: தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, துரியன். முதல் மூன்றையும் பார்த்தால் நம்ம மாவட்டத்துக்காரர் யாரோ உட்கார்ந்து எழுதியது போல இருக்கும். கறிவேப்பிலைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

ஆனால் கருவாட்டை வேனுக்குள் வறுக்காதீர்கள். நான் வலென்சியா தாண்டி ஒரு நாள் நெத்திலி வறுத்தேன். கலேயில் கூட வண்டிக்குள் நெத்திலிதான் மணத்தது.

வேனுக்குள் சின்னச் சட்டியில் கரி போட்டு வைத்தால் போதாதா? எதற்கு ஹீட்டர் செலவு? அப்புறம், பனி டயர் என்கிறார்களே, அதுவும் நம்ம ரப்பர்தானே?
*ரப்பர் விவசாயி, குலசேகரம்*

அண்ணாச்சி, முதல் கேள்வியைப் படித்ததும் எனக்குப் படபடப்பு வந்துவிட்டது. கூடவே கூடாது. அடைத்த இடத்தில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். மணம் கிடையாது, நிறம் கிடையாது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் பிடிக்கிற இடத்தை அது ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் பலமாகப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, குமட்டல், தூக்கம் தூக்கமாக வரும். பயணக் களைப்பு என்று நினைத்துப் படுப்பீர்கள். எழுந்திருக்க மாட்டீர்கள். கேஸ் அடுப்பை எரியவிட்டுக் குளிர் காய்வதும் இதே கதைதான். வேன் ஹீட்டருக்குப் புகை போக வெளியே தனிக் குழாய் இருக்கும், அதனால்தான் அந்தச் செலவு. இருந்தாலும் கட்டிலுக்குப் பக்கத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று மாட்டியிருந்தேன்.

என் வீட்டுக்காரர் ஒரு ராத்திரி தரையில் இருந்த ஓட்டையைச் சாக்கு வைத்து அடைத்துவிட்டார், காலில் குளிர் அடிக்கிறதாம். அது சமையல் கேஸ் கசிந்தால் வெளியே போகிற வழி. கேஸ் காற்றைவிடக் கனம், கீழே இறங்கித்தான் தேங்கும். அன்றைக்கு அவர் வாங்கின வசவு வேனுக்கு வெளியேயும் கேட்டிருக்கும்.

டயர் விஷயம் சந்தோஷமான விஷயம். ஆமாம், நம்ம ரப்பர்தான், இன்னும் சொல்லப்போனால் நம்ம ரப்பர் அதிகம். சாதாரண டயர் 7 டிகிரிக்குக் கீழே போனால் விறைக்க ஆரம்பித்து, பிடிமானம் குறையும். பனி டயரில் இயற்கை ரப்பரைக் கூடுதலாகச் சேர்த்து, குளிரிலும் இளக்கமாக இருக்கும்படி செய்வார்கள். தடத்தில் மெல்லிய கீறல்கள் நிறைய இருக்கும், பனியைக் கவ்வ. பக்கவாட்டில் மலையும் அதற்குள் பனிப்பூவும் வரைந்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். எம் பிளஸ் எஸ் (சேறும் பனியும்) என்ற எழுத்து மட்டும் இருந்தால் 2024 அக்டோபரிலிருந்து ஜெர்மனியில் அது பனி டயராகச் செல்லாது. பிரான்சின் மலைப் பகுதிகளில் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை நாலு சக்கரத்திலும் பனி டயர், இல்லையென்றால் வண்டியில் டயருக்கு மாட்டும் சங்கிலி இருக்க வேண்டும். நாங்கள் சங்கிலி வைத்திருந்தோம். மாட்டிப் பழகினது அல்மேரியா வெயிலில், பக்கத்து வேன்காரர்கள் சிரிக்கச் சிரிக்க.

மகன் மியூனிக்கில் படிக்கிறான். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் கூட்டாளிகளோடு வேன் வாடகைக்கு எடுத்து சிசிலி வரை போய்த் திரும்பப் போகிறானாம். வழியில் ஆல்ப்ஸ் மலை. கடலில் போகிறவனுக்குக்கூட நான் இவ்வளவு பயப்பட்டதில்லை.
*மீனவர் குடும்பத்துத் தாய், குளச்சல்*

பயப்படாதீங்க அக்கா. அவன் போவது பிரென்னர் கணவாய் வழியாக இருக்கும். 1,370 மீட்டர். நெடுஞ்சாலையே அதன் மேல் போகிறது, ராப்பகலாகப் பனி தள்ளுவார்கள். பெரிய கணவாய்கள் பல குளிர்காலத்தில் மூடியே கிடக்கும். இது மூடுவது அபூர்வம்.

சொல்லி அனுப்ப வேண்டியது சில. ஆஸ்திரியாவில் நெடுஞ்சாலைக்கு விக்னெட் என்கிற சீட்டு வாங்க வேண்டும், பிரென்னர் சாலைக்கு அதற்கு மேல் தனிக் கட்டணம். பனி, சறுக்கல் இருக்கும்போது பனி டயர் கட்டாயம். அங்கே நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை. ஜெர்மனி வாடகை வண்டியில் அநேகமாக இருக்கும், ஆனால் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். சனிக்கிழமை வேண்டாம், பனிச்சறுக்குக் கூட்டம் மொத்தமும் அன்றைக்குத்தான் அறை மாறும். கணவாய்க்குப் பக்கத்தில் லூக் பாலத்தில் வேலை நடப்பதால் 2025 தொடக்கத்திலிருந்து பல நாட்களில் ஒரு பக்கத்துக்கு ஒரு வரிசைதான்.

திரும்பி வரும்போதுதான் கவனம். சிசிலியில் ஊற்றிய டீசலோடு மலை ஏற வேண்டாம், கணவாய்க்கு முன்னால் வரும் போல்ஸானோவில் நிரப்பச் சொல்லுங்கள். வாடகை வண்டியைத் திருப்பிக் கொடுக்கிற தேதிக்கு ஒரு நாள் முன்னாலேயே மலையைத் தாண்டிவிடச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு என்ன அவசரம் வரும் என்று எனக்குத் தெரியும். அறுபது வயசுக்காரருக்கே வந்ததே.

வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். கக்கூஸ்?
*பெயர் வேண்டாம், குழித்துறை*

நர்ஸிடம் என்ன வெட்கம். அடியில் பெட்டி மாதிரி ஒரு டாங்கி, கிட்டத்தட்ட இருபது லிட்டர். இரண்டு பேருக்கு இரண்டு மூன்று நாள். வெளியே இருந்து உருவி, சக்கரத்தில் இழுத்துக்கொண்டுபோய், அதற்கென்று உள்ள இடத்தில் கொட்டிக் கழுவ வேண்டும். அது அவர் வேலை, எழுதாத ஒப்பந்தம். குளிர்காலத்தில் பிரச்சினை என்னவென்றால், பல ஊர்களில் குழாய் உறைந்து வெடிக்காமல் இருக்கத் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். அதனால் கேன் நிறையத் தண்ணீர் வேனுக்குள்ளேயே எப்போதும் இருக்கட்டும். ஹீட்டர் நின்றால் வெந்நீர்த் தொட்டி 3 டிகிரி வாக்கில் தானே வால்வைத் திறந்து தண்ணீரைக் கொட்டிவிடும். ஒப்ராக்கில் எங்களுக்கும் அப்படிக் கொட்டியது. கோளாறு இல்லை, தொட்டி வெடிக்காமல் இருக்கிற ஏற்பாடு. கேன் தண்ணீர்தான் அன்றைக்குக் கெட்டிலுக்குப் போனது.

நம்ம ஊர் லைசென்ஸில் ஓட்டலாமா? வலது பக்கம் ஓட்டுவது கஷ்டமா?
*கல்லூரி மாணவர், நாகர்கோவில்*

ஆர்டிஓ ஆபீஸில் சர்வதேச அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு வருஷம் செல்லும். சுற்றுலாவுக்கு அதையும் ஊர் லைசென்ஸையும் சேர்த்துக் காட்டலாம். ஜெர்மனியில் குடியேறினால் ஆறு மாதத்துக்குப் பிறகு அந்த ஊர் லைசென்ஸ் எடுக்க வேண்டும். கார் லைசென்ஸுக்கு மொத்த எடை 3,500 கிலோவரைதான். ஆள், சாமான், தண்ணீர் எல்லாம் அதில் அடங்கும். நூறு லிட்டர் தண்ணீர் நூறு கிலோ என்பதை மறக்கிறவர்கள் அதிகம், மக்களே.

வலது பக்கம் ஓட்டுவது இரண்டு நாளில் பழகும். ஆளில்லாத ரோட்டில், காலையில் முதல் திருப்பத்தில்தான் கை தானாக இடப்பக்கம் போகும். எங்களுடையது இங்கிலாந்து வண்டி, ஸ்டியரிங் நம்ம ஊர் மாதிரி வலது பக்கம். பிரான்சில் சுங்கச் சாவடியின் பெட்டி இடது பக்கம். ஆக, சீட்டு எடுப்பது, காசு போடுவது எல்லாம் நான். டிரைவர் முப்பது வருஷ சர்வீஸ், கண்டக்டர் புதுசு. "சில்லறை இருக்கா?" என்று அவர் கேட்கிற தோரணையில் எனக்கு ஒவ்வொரு முறையும் சிரிப்பு வரும்.

பகல் நேரத்தையும் கணக்கில் வையுங்கள். நமக்கு மார்கழியிலும் பதினொன்றரை மணி நேரத்துக்குக் குறையாமல் வெளிச்சம். டிசம்பர் கடைசியில் கலேயில் எட்டு மணி நேரம்தான். நாங்கள் மூன்றரை மணிக்கே இடம் தேட ஆரம்பித்துவிடுவோம்.

அந்த வேன் இப்போது எங்கே? கருங்கலுக்குக் கொண்டுவந்திருக்கலாமே!
*வாசகி, திங்கள்நகர்*

ஆசைதான். பழைய வண்டியை இறக்குமதி செய்ய வேண்டுமானால் மூன்று வருஷத்துக்கு மேல் பழசாக இருக்கக்கூடாது, அதோடு வரியும் உண்டு. எங்கள் வேன் அதற்குள் வாக்குப்போடுகிற வயசை நெருங்கியிருந்தது. கென்ட்டிலேயே ஒரு இளம் ஜோடிக்கு விற்றுவிட்டோம். சங்கிலியையும் சேர்த்துக் கொடுத்தோம், மாட்டுவது எப்படி என்று அவர் தரையில் படுத்துச் செய்து காட்டினார். நெத்திலி விஷயம் நான் சொல்லவில்லை.

கூட வந்தது ஒன்றுதான். ஃபில்டரில் சுற்றின அந்தத் தோர்த்து. டீசல் கறை எத்தனை முறை வெளுத்தும் போகவில்லை. ஆட்டுக்கொட்டகையைத் துடைக்க எடுத்தேன், பிடுங்கிக்கொண்டு போய் பைக் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்.